மைதானம் ஏன் காலியாகிறது?

2018-ஆம் வருஷம் ஜூன் மாதம் மும்பையில் ஒரு கால்பந்துப் பந்தயம் நடந்தது. ஆடியது ஏதோ ஒரு பேட்டை அணி அன்று. பாரத தேசத்தின் அணி. எதிர்த்து நின்றது சீனத் தைபே. நம்மவர்கள் ஐந்து கோல் போட்டு, ஒரு கோல்கூட வாங்காமல் ஜயித்தார்கள். தலைவர் சுனில் சேத்ரி தாமே மூன்று கோல் அடித்தார். இவ்வளவையும் நேரில் கண்டு களித்தவர்கள் மொத்தம் 2,569 பேர்! எங்கள் பெரம்பலூருக்குப் பக்கத்தில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் சந்நிதியில் ஒரு நல்ல வெள்ளிக்கிழமையன்று பார்த்தால் இதைவிட அதிகமான ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள்.

சேத்ரிக்கு மனம் பொறுக்கவில்லை. ரஸிகர்களை நோக்கி ஒரு வேண்டுகோளைப் படமாகப் பிடித்து இணையத்தில் வெளியிட்டார். எங்களை ஏசுவதானாலும் சரி, குறை சொல்வதானாலும் சரி, மைதானத்துக்கு வந்து செய்யுங்கள் என்பதுதான் அதன் சாரம். இரண்டே நாளில் கென்யாவுடன் அடுத்த பந்தயம். டிக்கெட்டுகள் எல்லாம் விற்றுப் போயின. மழையைப் பொருட்படுத்தாமல் ஜனங்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

கூப்பிட்டால் வருகிறார்கள் என்பது இதனால் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு பந்தயத்துக்கும் அணித் தலைவர் கை கூப்பி நிற்பதென்பது நடக்கக் கூடிய காரியமா?

சென்னையின் கதையும் ஏறக்குறைய இதுதான். இந்தியன் சூப்பர் லீக் பந்தயங்கள் 2014-இல் ஆரம்பமாயின. அந்த முதல் வருஷத்தில், தேசம் முழுவதிலும் சராசரி பார்த்தால், ஒரு பந்தயத்துக்குச் சுமார் 25,000 பேர் வந்தார்கள். சென்னையின் எஃப்.சி. என்ற பெயர் பூண்ட நமது அணிக்காக நேரு ஸ்டேடியத்தில் இருபதாயிரம் பேர் கூடுவது அப்போது சகஜமாயிருந்தது. அணியும் ஜனங்களை ஏமாற்றிவிடவில்லை. 2015 டிசம்பரில் கோவாவில் கோவா அணியை 3-2 என்ற கணக்கிலும், 2018 மார்ச்சில் பெங்களூரில் பெங்களூர் அணியை அதே 3-2 என்ற கணக்கிலும் முறியடித்து இரண்டு முறை கோப்பையைக் கொண்டுவந்தது. இரண்டு தடவையும் எதிரியின் சொந்த மைதானத்திலேயே போய் ஜயித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2015-இல் சென்னையை வெள்ளம் சூழ்ந்திருந்தபடியால், இங்கே நடக்க வேண்டிய அரையிறுதிப் பந்தயத்தைப் பூனாவுக்கு மாற்றினார்கள். வெள்ளத்தில் தத்தளித்த நகரத்துக்கு அந்தக் கோப்பை எவ்வளவு ஆறுதலாயிருந்தது என்பதை அந்நாளில் சென்னையில் இருந்தவர்கள் அறிவார்கள்.

இத்தனை இருந்தும் பத்து வருஷத்துக்குள் கூட்டம் தேய்பிறையாகிவிட்டது. தேசத்தின் சராசரியே ஏறக்குறையப் பாதியாயிற்று. 40,000 பேர் உட்காரக் கூடிய நேரு ஸ்டேடியத்தில் பத்தாயிரத்தைத் தொடுவதே பெரும்பாடு என்ற நாட்கள் வந்தன.

ஏன் இப்படி? “டிக்கெட் விலைதான் காரணம்” என்று ஒரு கட்சியும், “விலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை” என்று ஒரு கட்சியும் கால்பந்து ரஸிகர்களிடையே உண்டு. கல்கத்தாவிலும் லண்டனிலும் மட்டுமல்ல, எங்கள் அரியலூரிலும் உண்டு. பள்ளிக்கூடங்களுக்கு இடையே நடந்த பந்தயங்கள் முடிந்த ஒரு மாலை நேரத்தில், கோல் கம்பத்தடியில் நின்றுகொண்டு நாங்கள் நால்வர் இதைப் பற்றித் தர்க்கம் செய்தோம். ஒருவர் பெரம்பலூரில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர். தம் மகன் ஆடியதால் வந்திருந்தார். இன்னொருவர் சிமெண்டு ஆலையில் பிட்டர் வேலை பார்க்கும் இளைஞர். நீலச் சட்டை இல்லாமல் அவரை ஞாயிற்றுக்கிழமையில் பார்க்க முடியாது. மூன்றாமவர் எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். நான்காவது ஆசாமி, சரித்திரம் கற்பிக்கும் நான்.

பிட்டர்தான் ஆரம்பித்தார். விலையைக் கண்டிப்பாகக் குறைக்க வேண்டும் என்றார்.

ஜவுளிக் கடைக்காரர் சிரித்தார். “தம்பி, எங்கள் கடையில் ஆடித் தள்ளுபடியில் அடிமாட்டு விலைக்கு ஒரு துண்டு போடுகிறேன். வாங்குகிறவன் என்ன செய்கிறான்? இரண்டு தடவை தோய்த்துவிட்டுத் தரை துடைக்கப் போடுகிறான். அதையே கொஞ்சம் விலை வைத்து விற்றால் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறான். மலிவாய்க் கிடைப்பதற்கு மதிப்பு ஏது?”

“துண்டும் பந்தாட்டமும் ஒன்றா, அண்ணே? துண்டு ஒருவன் வாங்கினால் அவனோடு போயிற்று. ஸ்டேடியத்தில் நான் ஒருவன் உட்கார்ந்து கத்தினால்தானே பக்கத்தில் இருக்கிறவருக்கும் உற்சாகம்? காலியாய்க் கிடக்கும் இடத்துக்கு நீங்களே போவீர்களா?”

ஜவுளிக் கடைக்காரர் இதற்கு உடனே பதில் சொல்லவில்லை. பிட்டர் சொன்னது பொருளாதாரப் புத்தகங்களில் நான் படித்த பல விஷயங்களைவிட உண்மையானது என்று எனக்குத் தோன்றியது. மற்றச் சரக்குகளில் வாங்குகிறவன் வாங்குகிறவன்தான். பந்தயத்திலோ, வாங்குகிறவனே சரக்கில் ஒரு பாதி. பத்தாயிரம் தொண்டைகள் இல்லாவிட்டால் பந்தயம் வெறும் தேகப்பயிற்சி. தொற்றுநோய்க் காலத்தில் இதை எல்லோரும் கண்கூடாகக் கண்டோம். 2020 மார்ச்சில் சென்னை அணி மூன்றாவது கோப்பைக்காகக் கோவாவில் ஆடித் தோற்றபோது, அந்தப் பெரிய மைதானத்தில் ஒரு ரஸிகர்கூட இல்லை. தோல்வியைவிட அந்த நிசப்தந்தான் சகிக்க முடியாததாயிருந்தது.

“சரி, நான் ஒரு கணக்குச் சொல்கிறேன், ஸார்” என்று பிட்டர் என் பக்கம் திரும்பினார். “டிக்கெட்டை விட்டுவிடுங்கள். இனாமாகவே கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான், வீட்டுக்காரி, இரண்டு குழந்தைகள். அரியலூரிலிருந்து சென்னைக்கு ரிஸர்வேஷன் இல்லாத வண்டியிலேயே தலைக்கு நூறு ரூபாய்க்குச் சற்று மேல். போக வர எவ்வளவு? மத்தியானச் சாப்பாடு, காப்பி, பலகாரம், ஆட்டோ. பந்தயம் ராத்திரி ஏழரை மணிக்கு. முடிவதற்கு ஒன்பதரை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எழும்பூர் போய் வண்டி பிடித்து, அரியலூரில் இறங்கும்போது நடுநிசி தாண்டிவிடும். மறுநாள் காலை ஷிப்டுக்கு லீவு போட வேண்டும். அந்தக் கூலியும் போயிற்று. எல்லாம் சேர்த்தால் இரண்டாயிரத்துக்குக் குறையாது. கோல் விழுந்தால் சரி. விழாவிட்டால் வீட்டுக்காரி என்னை என்ன கேட்பாள்?”

“அப்படியானால் விலையைக் குறைத்து என்ன பிரயோஜனம்? நீரே சொல்லிவிட்டீர்!” என்று ஜவுளிக் கடைக்காரர் மடக்கினார்.

தர்க்கத்தில் அவர் ஜயித்துவிட்டது போலத்தான் இருந்தது. ஆனால் இதில்தான் விஷயம் இருக்கிறது. டிக்கெட்டின் விலை என்று சீட்டில் அச்சிட்டிருக்கும் தொகை வேறு, ஒரு குடும்பஸ்தன் உண்மையில் கொடுக்கும் விலை வேறு. வீட்டுக் கதவைப் பூட்டிய நேரம் முதல் திரும்பவும் திறக்கும் நேரம் வரையில் ஆகிற பணமும் பொழுதும் தூக்கமும் சேர்ந்ததுதான் விலை. அந்த விலையை நிர்ணயிப்பவர்கள் டிக்கெட் அச்சடிப்பவர்கள் மட்டும் அல்லர். பந்தய நேரத்தைக் குறிப்பவர், தேதியைக் கடைசி நிமிஷத்தில் மாற்றுபவர், எந்த ஊரில் ஆடுவது என்று தீர்மானிப்பவர் எல்லோருமே அதை நிர்ணயிக்கிறார்கள்.

பந்தயம் ஏன் ராத்திரி ஏழரை மணிக்கு? சில வருஷங்களில் எட்டு மணிக்குக்கூட வைத்தார்களே, ஏன்? தொலைக்காட்சிக்கு அதுதான் செளகரியமான வேளை. நமது அணிகளின் வரவில் வாசலில் வசூலாகும் பணம் ஒரு சிறு பங்கு. விளம்பரதாரர்களும் ஒளிபரப்பும் முதலாளிகளின் சொந்தப் பணமுந்தான் பெரும் பங்கு. யார் பணம் கொடுக்கிறார்களோ அவர்களுடைய கடிகாரத்தைத்தானே பார்ப்பார்கள்? வாசல் வசூல் அற்பமானது என்பதால் வாசலில் நிற்பவரின் செளகரியமும் அற்பமாய்ப் போகிறது. செளகரியம் குறையக் குறைய ஆட்கள் குறைகிறார்கள். ஆட்கள் குறையக் குறைய வசூல் இன்னும் அற்பமாகிறது. பிறகு, “ஜனங்களுக்குக் கால்பந்தில் அபிமானம் இல்லை” என்று ஒரு முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அபிமானம் இல்லையா? 1911-ஆம் வருஷம் ஜூலை 29-ஆம் தேதி கல்கத்தாவில் நடந்ததை நம் தேசத்தில் பள்ளிக்கூடம் போன ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதிப் பந்தயத்தில் மோஹன் பகான் அணி, கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமெண்ட் என்ற வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியை 2-1 என்ற கணக்கில் தோற்கடித்த தினம் அது. ஒருவரைத் தவிர மற்றப் பத்துப் பேரும் வெறுங்காலோடு ஆடினார்கள். அன்று மைதானத்தைச் சுற்றி அறுபதாயிரம் பேருக்குக் குறையாமல் கூடியதாகச் சொல்வார்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் டிக்கெட் கள்ள மார்க்கெட்டில் பதினைந்து ரூபாய்க்குப் போயிற்றாம். அந்தக் காலத்துப் பதினைந்து ரூபாய்! உள்ளே பார்க்க முடியாமல் வெகு தூரத்தில் நின்றவர்களுக்குக் கோல் கணக்கைத் தெரிவிப்பதற்காக ஆகாயத்தில் காற்றாடி விட்டார்கள். சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து ஜனங்களை ஏற்றிவர விசேஷ ரயில்களும் விடப்பட்டன.

ஜவுளிக் கடைக்காரர் இதைக் கேட்டால், “பார்த்தீரா, பதினைந்து ரூபாய் கொடுத்தும் வந்தார்களே!” என்பார். வாஸ்தவம். ஆனால் அன்று ஆடியது ஒரு தேசத்தின் சுயமரியாதை. அப்படிப்பட்ட நாள் நூறு வருஷத்துக்கு ஒன்று வரும். ஒவ்வொரு சனிக்கிழமையும் மைதானத்துக்கு ஆள் வர வேண்டுமானால், காற்றாடியை நம்பிப் பயனில்லை. அந்த விசேஷ ரயில்தான் வேண்டும்.

அதே கல்கத்தாவில் 1997-இல் ஈஸ்ட் பெங்காலும் மோஹன் பகானும் மோதிய ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியைப் பார்க்க 1,31,781 பேர் சால்ட் லேக் ஸ்டேடியத்தில் கூடினார்கள். உலகத்திலேயே பெரிய கூட்டங்களுள் ஒன்று. அங்கே ஒரு தகப்பனார் எந்த அணிக்குச் சேர்ந்தவரோ அதே அணிக்குத்தான் பிள்ளையும். வீட்டுச் சொத்துப் போல அது இறங்கி வருகிறது. நமக்கோ சென்னையின் எஃப்.சி. பிறந்தே பன்னிரண்டு வருஷந்தான் ஆகிறது. அபிமானம் வேர்விடும் பருவத்தில் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் எப்படி?

இங்கிலாந்தின் அனுபவம் சற்றுச் சிக்கலானது. கால்பந்தைத் தொழிலாக நடத்தத் தொடங்கியவர்கள் அவர்கள். 1890-இல் அங்கே லீக்கில் சேர்ந்த அணிகள், ஆறு பென்னிக்குக் குறைவாகப் பெரியவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று நியமம் ஏற்படுத்திக்கொண்டன. தொழிலாளி கொடுக்கக் கூடிய தொகை அது. 1948-49 பருவத்தில் லீக் பந்தயங்களுக்கு வந்தவர்களின் மொத்தத் தொகை 4 கோடியே 12 லட்சம்! 1985-86-இல் அது 1 கோடியே 65 லட்சமாகச் சரிந்துவிட்டது. இந்தச் சரிவுக்கு டிக்கெட் விலை பெரிய காரணமன்று. வீட்டிலே தொலைக்காட்சி, வாசலிலே மோட்டார் வண்டி, மைதானத்திலே இடிந்த படிகளும் அடிதடியும். 1989-இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் அகப்பட்டவர்களில் 97 பேர் மாண்டார்கள். நம் தேசத்திலும் 1980-இல் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் பந்தயம் பார்க்கப் போன 16 பேர் இப்படிப் பலியானார்கள். பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கு டிக்கெட் என்ன விலையாயிருந்தால் என்ன?

ஹில்ஸ்பரோவுக்குப் பிறகு இங்கிலாந்தில் மைதானங்களைச் செப்பனிட்டு, பெரிய லீக்குகளில் நின்று பார்க்கும் இடங்களை எடுத்துவிட்டு எல்லோருக்கும் நாற்காலி போட்டார்கள். விலை மளமளவென்று ஏறிற்று. ஆச்சரியம் என்னவென்றால் கூட்டமும் ஏறிற்று! ஜவுளிக் கடைக்காரருக்கு இது பலமான சாட்சியம். ஆனால் வந்த கூட்டம் பழைய கூட்டமா என்றுதான் அங்கே கேட்கிறார்கள். துறைமுகத் தொழிலாளியும் அவன் பிள்ளையும் இருந்த இடத்தில் வேறு மனிதர்கள் உட்கார்ந்தார்கள். அதன் விளைவு 2016-இல் லிவர்பூலில் வெடித்தது. புதிதாகக் கட்டிய பகுதியில் ஒரு டிக்கெட்டுக்கு 77 பவுன் வரையில் வைக்கப் போவதாக அறிவித்தார்கள். பிப்ரவரி 6-ஆம் தேதி சண்டர்லாந்து அணியுடன் பந்தயம். லிவர்பூல் இரண்டு கோல் முன்னால் நின்றது. சரியாக 77-ஆவது நிமிஷத்தில் சுமார் பத்தாயிரம் ரஸிகர்கள் எழுந்து வெளியே நடந்துவிட்டார்கள். கல்லெறி இல்லை, ஒரு நாற்காலியை உடைக்கவில்லை. அவர்கள் போன பிறகு லிவர்பூல் இரண்டு கோல் வாங்கிப் பந்தயத்தைச் சமமாக்கிக்கொண்டது. நான்கே நாளில் முதலாளிகள் விலையேற்றத்தை வாபஸ் வாங்கினார்கள். ஒத்துழையாமை என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் இதைப் படித்தபோது எனக்கு ஒரு தனித் திருப்தி உண்டாயிற்று. அதே வருஷம், வெளியூர்ப் பந்தயத்துக்குத் தங்கள் அணியோடு பிரயாணம் செய்து வருகிற ரஸிகரிடம் 30 பவுனுக்கு மேல் வாங்குவதில்லை என்று இங்கிலாந்தின் பெரிய அணிகள் யாவும் ஒப்புக்கொண்டன. தூரத்திலிருந்து வருகிறவனுக்குச் சலுகை! எங்கள் பிட்டருக்கு இந்தச் செய்தியைச் சொன்னபோது, “அவன் மனிதன், ஸார்!” என்றார்.

உலகக் கோப்பையை நடத்துகிறவர்களும் இந்தப் பாடத்தைப் படிக்க வேண்டியதாயிற்று. 2026-ஆம் வருஷத்துப் பந்தயங்களுக்கு வைத்த விலையைக் கண்டு தேசதேசமாக ரஸிகர்கள் கூக்குரலிட்ட பிறகு, 2025 டிசம்பரில், அணிகளின் நெடுநாளைய ரஸிகர்களுக்கென்று 60 டாலரில் சில டிக்கெட்டுகளை ஒதுக்கினார்கள்.

ஜெர்மனியின் வழி வேறு. அங்கே பொதுவாக ஓர் அணியின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் அதன் அங்கத்தினர்களிடமே இருக்க வேண்டும் என்று விதி. டார்ட்மண்ட் என்ற ஊரின் மைதானத்தில் ஒரு பக்கத்துப் படிகளில் மட்டும் ஏறக்குறைய 25,000 பேர் நின்றுகொண்டு பார்க்கிறார்கள். அந்த இடத்துக்குக் குறைந்த விலை. அந்த மஞ்சள் சுவரைப் படம் பிடிப்பதற்கென்றே உலகத்துக் காமிராக்கள் போகின்றன. ஆகவே அந்த மலிவு டிக்கெட்காரர்கள்தான் விலையுயர்ந்த விளம்பரங்களை அழைத்து வருகிறார்கள் என்று சொன்னாலும் தகும். இதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றும் ஏற்பாடு இன்னொன்று. அத்தேசத்தின் பல ஊர்களில் பந்தய டிக்கெட்டைக் காட்டினாலே அன்றைக்கு உள்ளூர் பஸ்ஸிலும் ரயிலிலும் கட்டணமின்றிப் போய் வரலாம். சீட்டின் விலைக்கும் நான் சொன்ன உண்மை விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

இனாம் டிக்கெட் கொடுத்து நாற்காலிகளை நிரப்பலாமே என்று சிலர் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் ஜவுளிக் கடைக்காரர் கட்சி. எங்கள் ஜில்லாப் பந்தயங்களிலேயே பார்த்திருக்கிறேன். இனாம் சீட்டு வாங்கியவர் வெயில் ஏறினால் வரமாட்டார். வந்தாலும் இடைவேளையோடு போய்விடுவார். பத்து ரூபாய் கொடுத்தவரோ கடைசி விசில் வரையில் உட்கார்ந்து, நடுவரைத் திட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார். அந்தப் பத்து ரூபாய்க்கு அவர் ஒரு பாத்தியதை வாங்குகிறார். கேரளத்தில் மலப்புறம் பக்கத்து எழுவர் பந்தாட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அறுவடை முடிந்த வயலிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் மரத்தாலும் மூங்கிலாலும் தாற்காலிகப் படிகள் கட்டி, ஊரார் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி நெருக்கியடித்து உட்காருகிறார்கள். அங்கே யாரும் ஜனங்களைக் கெஞ்சி அழைப்பதில்லை. பந்தயம் அவர்கள் ஊரில் நடக்கிறது, அவர்களுக்கு ஓய்வான வேளையில் நடக்கிறது, வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நடக்கிறது.

ஊருக்குப் பந்தயம் போவதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. சென்னை சிட்டி என்ற அணி தலைநகரை விட்டுக் கோயம்புத்தூருக்குப் போய் அங்கே நேரு ஸ்டேடியத்தைத் தன் வீடாக்கிக்கொண்டது. 2018-19 பருவத்தில் ஐ-லீக் சாம்பியன் பட்டத்தையும் பெற்றது. பெரிய பந்தயம் பார்த்துப் பழகாத கொங்கு நாட்டு ஜனங்கள் ஆயிரக்கணக்கில் வந்து ஆரவாரித்தார்கள். பாவம், சில வருஷங்களிலேயே அந்த அணி தேசிய லீகிலிருந்து மறைந்துவிட்டது. அதற்குக் காரணங்கள் வேறு. வந்த ஜனங்கள்மேல் பழி இல்லை.

இவ்வளவும் சொல்லிக்கொண்டிருந்தபோது டிரில் மாஸ்டர் வாயே திறக்கவில்லை. கடைசியில், “ஸார், பையன்களைக் கூட்டிக்கொண்டு போனோமே, ஞாபகம் இருக்கிறதா?” என்றார்.

நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடத்து அணிப் பையன்கள் பதினான்கு பேரை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு நேரு ஸ்டேடியத்துக்குப் போனோம். அவர்களில் ஒருவன்கூட அதற்கு முன் பெரிய அணிகளின் ஆட்டத்தை நேரில் பார்த்ததில்லை. கைபேசியில் பார்த்திருக்கிறார்கள், எத்தனையோ. பந்தயம் ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆயிற்று. எங்கள் இடது பின்னணி ஆட்டக்காரன், வரகூரிலிருந்து சைக்கிளில் பள்ளிக்கூடம் வருகிற பையன், பந்து இருக்கும் பக்கமே பார்க்கவில்லை. என்னடா என்று கேட்டேன். “ஸார், பந்து அந்தக் கோடியில் இருக்கும்போது இந்தக் கோடியில் பேக் என்ன செய்கிறான், பாருங்கள்! ஒவ்வோர் அடியாய் முன்னால் போகிறான், திரும்பித் திரும்பிப் பார்க்கிறான், கையைக் காட்டுகிறான். இதெல்லாம் டி.வி.யில் தெரியவே தெரியாது, ஸார்” என்றான்.

அந்தப் பையன் சொன்னது முற்றிலும் உண்மை. காமிரா பந்தைத் துரத்துகிறது. ஆனால் கால்பந்து ஆட்டத்தில் இருபத்திரண்டு பேரில் இருபத்தொருவர் எப்போதும் பந்து இல்லாமல்தான் இருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் ஆட்டம். ஊர் திரும்பிய அடுத்த வாரத்திலேயே அவன் ஆட்டத்தில் வித்தியாசம் தெரிந்தது. டிரில் மாஸ்டர் மூன்று வருஷமாகத் தொண்டை வறளக் கத்திச் சொன்னதைத் தொண்ணூறு நிமிஷத்தில் கண்ணால் கற்றுக்கொண்டுவிட்டான். வியாசர்பாடியிலிருந்து ஒரு தனபால் கணேஷும், கன்யாகுமரிக் கடற்கரையிலிருந்து ஒரு மைக்கேல் சூசைராஜும் வந்தார்கள் என்றால், அந்தப் பேட்டைகளிலே ஒவ்வொரு மாலையும் பெரியவர்கள் ஆடுவதைச் சிறுவர்கள் பார்த்துக்கொண்டு வளருகிறார்கள். பெரம்பலூர், அரியலூர்ப் பையன்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவர்களுக்கு ஸ்டேடியந்தான் பள்ளிக்கூடம். அதுவோ 270 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது.

அந்தப் பிரயாணம் எங்களுக்கு எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பந்தயம் முடிந்து வெளியே வந்து, பதினான்கு பேரையும் எண்ணி வேனில் ஏற்றி, வழியில் ஏதோ ஓட்டலில் இட்டிலி வாங்கிக் கொடுத்துப் பெரம்பலூர் சேர்ந்தபோது பொழுது விடியச் சற்று நேரந்தான் இருந்தது. கையில் தீப்பெட்டி விளக்குப் போலக் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு தாய்மார்கள் பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தார்கள். அதற்கு அடுத்த வருஷம் மறுபடியும் போகலாமா என்று கேட்டபோது பாதிப் பேருக்குத்தான் வீட்டில் சம்மதம் கிடைத்தது. டிக்கெட்டின் விலையைப் பற்றி ஒரு பெற்றோர்கூட வாய் திறக்கவில்லை. “ராத்திரியிலா, ஸார்?” என்றுதான் கேட்டார்கள்.

இதோடு தேதி நிச்சயமின்மையும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டியதில்லை. 2025-ஆம் வருஷம் ஜூலையில், லீக்கை நடத்தும் கம்பெனிக்கும் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் உள்ள ஒப்பந்தம் டிசம்பரில் முடிவடைவதால் புதிய பருவத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தார்கள். சில அணிகள் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பதைக்கூட நிறுத்தின. வழக்கமாகச் செப்டம்பர் வாக்கில் தொடங்க வேண்டிய பந்தயங்கள் 2026 பிப்ரவரியில்தான் தொடங்கின; அதுவும் ஒவ்வோர் அணியும் மற்றதை ஒரே ஒரு தடவை சந்திக்கும்படி குறுக்கப்பட்டு. கோயில் திருவிழாவை நடத்துகிறவர்கள், “இந்த வருஷம் தேர் என்றைக்கு என்று எங்களுக்கே தெரியாது” என்று சொன்னால் ஊரில் யார் பந்தல் போடுவார்கள்?

நாங்கள் நால்வரும் அன்று அதோடு நிற்கவில்லை. சென்னை அணிக்கு ஒரு விண்ணப்பம் எழுதுவதென்று தீர்மானித்து, டிரில் மாஸ்டர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினோம். வருஷத்தில் நான்கு பந்தயங்களையாவது சனிக்கிழமை மாலை நான்கு, ஐந்து மணிக்கு வைக்க வேண்டும். அத்தேதிகளைப் பருவத்தின் தொடக்கத்திலேயே அறிவித்துப் பிறகு மாற்றக் கூடாது. 200 கிலோ மீட்டருக்கு அப்பாலிருந்து வருகிற பள்ளிக்கூட அணிகளுக்கும் குடும்பங்களுக்கும் ஒரு பகுதியைக் குறைந்த விலையில் ஒதுக்க வேண்டும். அந்த விலை அணி ஜயித்தாலும் தோற்றாலும் மாறக் கூடாது. வருஷத்துக்கு ஒரு பந்தயத்தையாவது திருச்சி அண்ணா விளையாட்டரங்கிலோ வேறு ஜில்லாவிலோ ஆட வேண்டும். பெண்மணிகளுக்குச் சுத்தமான கழிப்பிடமும் எல்லோருக்கும் குடிதண்ணீரும் வேண்டும் என்பதைப் பிட்டரின் மனைவி சொல்லியனுப்பியிருந்தார்; அதை முதல் பக்கத்திலேயே சேர்த்தோம்.

ஒரே ஓர் இடத்தில்தான் பேனா நின்றது. அந்தக் குறைந்த விலை எவ்வளவு? ஐம்பது ரூபாய் என்றார் பிட்டர். நூறுக்குக் கீழே போனால் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார் ஜவுளிக் கடைக்காரர். இருட்டும் வரையில் பேசியும் இருவரும் இறங்கி வரவில்லை. தொகையை எழுதாமல் அந்த இடத்தைக் கோடிட்டு விட்டிருக்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூடுவதாக ஏற்பாடு.